இயற்கை முறையைக் கணவர்களுக்கும் கற்றுக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கருத்தடையே தேவையில்லை, இயற்கையாக வாழ்ந்தால் போதும் என்று வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைச் சென்ற ஞாயிறு இதழில் வெளியிட்டிருந்தீர்கள். எழுதியவர் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மூன்று வெவ்வேறு காரியங்களை அவர் 'இயற்கை' என்ற ஒரே சொல்லுக்குள் போட்டுக் கட்டிவிட்டார். பெண்ணுடலில் கரு தரிக்கும் நாட்களை அறிந்து அதன்படி கணவனும் மனைவியும் நடந்துகொள்வது ஒன்று. எந்த யோசனையும் இல்லாமல் வருகிற பிள்ளைகளையெல்லாம் பெற்றுக்கொண்டே போவது இன்னொன்று. மருத்துவமனையை ஒதுக்கிவிட்டு வீட்டிலேயே பிள்ளை பெறுவது முற்றிலும் வேறொன்று. முதலாவது அறிவு, இரண்டாவது அந்த அறிவு இல்லாமை, மூன்றாவது, முப்பத்து நான்கு ஆண்டுகள் பிரசவ வார்டில் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன், உயிரோடு விளையாடுவது.

நான் பிறந்தது பாளையங்கோட்டையில், ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) மரபில் வந்த ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில், வாழ்க்கைப்பட்டது குமரிக் கடற்கரையில் ஒரு ரோமன் கத்தோலிக்கக் குடும்பத்தில். ஆதலால் எங்கள் வீட்டு அலமாரியில் இரண்டு வேதாகமங்கள் உண்டு. ஒன்று 'ஆதியாகமம்' என்று தொடங்கும், மற்றது 'தொடக்க நூல்' என்று தொடங்கும். செவிலியர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எங்கள் பங்குக் கோயிலில் நடக்கும் திருமணத் தயாரிப்பு வகுப்பில் உடல்நலம் பற்றிய பாடத்தை நான் எடுத்துவருகிறேன். அந்த அனுபவத்தை வைத்தே இதை எழுதுகிறேன். திருச்சபையின் சார்பில் பேச எனக்கு எந்த அதிகாரமும் இல்லை.

கருத்தடை பற்றி எல்லாச் சபைகளும் ஒரே குரலில் பேசுவதுபோல அக்கடிதம் சொல்கிறது. ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1930ஆம் ஆண்டு லண்டனின் லாம்பெத்தில் கூடிய ஆங்கிலிக்கன் ஆயர்களின் மாநாடுதான், தகுந்த காரணம் இருக்கும் தம்பதியர் செயற்கை முறைகளையும் பயன்படுத்தலாம் என்று 193க்கு 67 என்ற வாக்குக் கணக்கில் முதன்முதலாக இடம் கொடுத்தது. அதே ஆண்டின் கடைசி நாளில் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் சுற்றுமடல் வெளியிட்டு அந்த வழியை மறுத்தார். நான் பிறந்த சபையும் வாழ்க்கைப்பட்ட சபையும் இந்த விஷயத்தில் பிரிந்துபோனது அந்த ஆண்டில்தான். ஆகவே 'கிறிஸ்தவம் கருத்தடையை ஏற்கிறதா' என்று யாராவது கேட்டால், எந்தச் சபை என்று திருப்பிக் கேட்ட பிறகுதான் பதில் சொல்ல முடியும்.

கத்தோலிக்கத் திருச்சபையின் போதனையையும் அக்கடிதம் பாதிதான் சொல்லியிருக்கிறது. 1968ஆம் ஆண்டு ஜூலை 25 தேதியிட்டுத் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட 'ஹ்யுமானே வீத்தே' சுற்றுமடல் செயற்கைக் கருத்தடையை விலக்குகிறது என்பது உண்மை. அதே மடல் பொறுப்புள்ள பெற்றோராக இருப்பதைப் பற்றிப் பேசுகிறது. உடல்நிலை, பொருளாதாரம், குடும்பச் சூழல் ஆகியவற்றை எண்ணிப் பார்த்து, தக்க காரணங்களுக்காக அடுத்த பிள்ளையைத் தள்ளிப்போடவோ, இனி வேண்டாம் என்று முடிவு செய்யவோ தம்பதியருக்கு இடம் உண்டு என்கிறது. அதற்கு மாதத்தில் கரு தரிக்காத நாட்களைப் பயன்படுத்தலாம் என்றும் சொல்கிறது. பலருக்குத் தெரியாத இன்னொரு பகுதியும் அதில் இருக்கிறது. ஒரு நோயைக் குணப்படுத்தத் தேவையான மருந்து, கரு தரிப்பதைத் தடுக்கும் விளைவையும் உண்டாக்கினால், அந்தத் தடையை விரும்பாத வரையில் அம்மருந்தை எடுத்துக்கொள்வதில் தவறில்லை என்பதே அது. அதிக ரத்தப்போக்குக்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த ஹார்மோன் மாத்திரையை, 'இது குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை, சாப்பிட்டால் பாவம்' என்று மாமியார் தூக்கியெறிய, ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆறு கிராமுக்கு இறங்கிய நிலையில் வந்து சேர்ந்த ஒரு பெண்ணுக்கு நான் ரத்தம் ஏற்றியிருக்கிறேன். அந்த மாமியார் தினமும் காலைப் பூசைக்குப் போகிறவர். போதனையின் தலைப்பு மட்டும் அவருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

2015 ஜனவரியில் மணிலாவிலிருந்து திரும்பும் விமானத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் செய்தியாளர்களிடம் பேசியதும் இங்கே நினைவுகூரத் தக்கது. நல்ல கத்தோலிக்கர் என்றால் முயல்களைப்போலப் பெற்றுக்கொண்டே இருக்க வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள், அப்படியல்ல என்றார். ஏழு சிசேரியன்களுக்குப் பிறகு எட்டாவதாகக் கருவுற்றிருந்த ஒரு தாயைத் தாம் கண்டித்ததாகவும், அது பொறுப்பின்மை என்று அவரிடம் சொன்னதாகவும் அவரே குறிப்பிட்டார். கருத்தடை பற்றிய போதனையை மாற்றாத ஒரு திருத்தந்தைதான் இதைச் சொன்னார்.

வேதத்திலிருந்து அக்கடிதம் எடுத்துக்காட்டியிருப்பது, 'இதோ, பிள்ளைகள் கர்த்தரால் வரும் சுதந்தரம், கர்ப்பத்தின் கனி அவரால் கிடைக்கும் பலன்' என்ற 127ஆம் சங்கீத வசனம். நல்ல வசனம், எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஞானஸ்நானம் பெற்றபோதெல்லாம் வாசித்ததுதான். ஆனால் அதே வேதத்தில் ராகேலும் இருக்கிறாள். 'எனக்குப் பிள்ளை கொடும், இல்லாவிட்டால் நான் சாகிறேன்' என்று கணவனிடம் அழுத அவள், ஐந்து அதிகாரங்கள் தள்ளி, இரண்டாவது பிள்ளையைப் பெறும்போது பிரசவ வேதனையில் வழியிலேயே இறந்துபோகிறாள். பேறுகால மரணத்தை வேதம் மறைக்கவில்லை. ஓசியா தீர்க்கதரிசியின் மனைவியைப் பற்றிச் சொல்லும்போது, மகளைப் பால்மறக்கப்பண்ணின பின்புதான் அவள் அடுத்த பிள்ளையைக் கர்ப்பந்தரித்தாள் என்று ஒரே வரியில் முதல் அதிகாரம் சொல்லிக் கடக்கிறது. இடைவெளி என்பது நேற்று அரசாங்கம் சுவரில் எழுதிவைத்த சொல் அன்று என்பதைக் காட்ட அந்த ஒரு வரி போதும்.

இனி அக்கடிதத்தில் உள்ள, என்னால் கடந்துபோக முடியாத பிழைக்கு வருகிறேன். மாதவிலக்கு தொடங்கியதிலிருந்து பதினான்காம் நாளையும் அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு நாளையும் தவிர்த்தால் போதும், மற்றவையெல்லாம் பத்திரமான நாட்கள் என்று எழுதப்பட்டிருக்கிறது. இதை நம்பி நடந்தவர்களின் பிள்ளைகள் பலரை நான் கையில் ஏந்தியிருக்கிறேன். கருமுட்டை வெளிப்படுவது, வந்துபோன மாதவிலக்கிலிருந்து பதினான்கு நாள் கழித்து அல்ல. வரப்போகும் மாதவிலக்குக்கு ஏறத்தாழப் பதினான்கு நாள் முன்னால். இருபத்தெட்டு நாள் சுழற்சி உள்ளவளுக்கு இரண்டும் ஒன்றாக வந்துவிடும். அதனால்தான் இந்தக் கணக்கு சரியென்று தோன்றுகிறது. இருபத்து நான்கு நாளுக்கொரு முறை தலைக்குக் குளிக்கிறவளுக்கு முட்டை பத்தாம் நாளையொட்டியே வெளிப்பட்டுவிடும். முப்பத்திரண்டு நாள் சுழற்சி உள்ளவளுக்குப் பதினெட்டாம் நாளையொட்டி வெளிப்படும். வெளிப்பட்ட முட்டை ஒரு நாளுக்கு மேல் உயிரோடிருப்பதில்லை. ஆனால் விந்தணு தக்க சூழலில் ஐந்து நாள் வரை காத்திருக்கும். ஆகவே ஆபத்தான நாட்கள் என்று மக்கள் சொல்கிறவை மூன்று அல்ல, ஆறு. அவற்றில் ஐந்து, முட்டை வெளிப்படுவதற்கு முன்பே வந்துவிடுகின்றன. குறுகிய சுழற்சி உள்ள ஒரு பெண், உதிரப்போக்கு நின்ற மறுநாளே கரு தரிக்கும் நாட்களுக்குள் நுழைந்துவிடலாம். காய்ச்சல், மன உளைச்சல், இரவுப் பணி, தைராய்டு, நீர்க்கட்டி என்று எது வந்தாலும் இந்தத் தேதி நகரும்.

நாட்காட்டியை நம்ப முடியாது என்பதால்தான் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ஜான் பில்லிங்ஸ் என்ற மருத்துவர் 1953ஆம் ஆண்டு முதல் இதை ஆராயத் தொடங்கினார். அவருடைய மனைவி ஈவ்லின் பில்லிங்ஸும் மருத்துவரே, பின்னர் அவரும் அதில் சேர்ந்துகொண்டார். அவர்கள் கண்ட அடையாளம் பெண்கள் தினமும் பார்ப்பதுதான். மாதவிலக்கு நின்ற பிறகு சில நாட்கள் வறட்சியாக இருக்கும். பிறகு கர்ப்பப்பை வாயிலிருந்து சுரக்கும் நீர் மெல்ல மெல்லத் தெளிந்து, வழுவழுப்பாகி, இரண்டு விரலுக்கிடையில் இழுத்தால் கோழிமுட்டையின் வெள்ளைக்கருவைப்போல நூலாக நீளும். அதுவே கரு தரிக்கும் நாட்களின் அறிகுறி. நம் பெண்களில் பலர் இதைப் பார்த்துப் பயந்து, 'வெள்ளைப்படுது சிஸ்டர்' என்று மருந்து கேட்டு வருகிறார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது மருந்து அல்ல, ஐந்து நிமிட விளக்கம். நாற்றமோ, அரிப்போ, தயிர்போன்ற திரிதலோ, பச்சை மஞ்சள் நிறமோ இருந்தால் அது நோயாக இருக்கலாம். ஆரோக்கியத்தின் அடையாளத்தை நோயென்று எண்ணிக் கூசிக்கொண்டே பல பெண்கள் தாயாகி, பாட்டியாகி விடுகிறார்கள். கருத்தடைக்காக இல்லாவிட்டாலும் இந்த ஒன்றுக்காகவே ஒவ்வொரு பெண்ணுக்கும் இதைச் சொல்லித்தர வேண்டும் என்பேன்.

இம்முறை பலிக்குமா என்பதற்கும் நேர்மையான பதில் உண்டு. உலக சுகாதார நிறுவனம் பெங்களூரு உட்பட ஐந்து நாடுகளின் மையங்களில் இதைச் சோதித்துப் பார்த்தது. கற்றுக்கொண்ட பெண்களில் மிகப் பெரும்பாலோர் முதல் மாதத்திலேயே அந்த அடையாளத்தைக் கண்டுகொண்டார்கள். படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடு அதில் பெரிதாக இல்லை. விதிகளைப் பிசகாமல் கடைப்பிடித்தவர்களில் ஓராண்டில் கருவுற்றவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பேர். ஆனால் கரு தரிக்கும் நாள் என்று தெரிந்தும் சேர்ந்தவர்களையும் கணக்கில் எடுத்தால் அந்த எண் இருபதைத் தாண்டியது. போதனை செய்கிறவர்கள் முதல் எண்ணை மட்டும் சொல்கிறார்கள். கேலி செய்கிறவர்கள் இரண்டாவதை மட்டும் சொல்கிறார்கள். என் கண்ணுக்குத் தெரிவது இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள பள்ளம். அடையாளம் தெரியாததால் விழுந்த பள்ளமல்ல அது. அடையாளத்தைப் பார்த்த பிறகு இரண்டு பேரில் ஒருவர் கேட்காமல் போனதால் விழுந்தது.

மூன்றாவது பேறுகாலத்துக்கு வந்த ஒரு பெண் தன் பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து என்னிடம் காட்டினாள். ஒரு கன்னியாஸ்திரி சொல்லிக்கொடுத்தபடி, ஒரு நாள்கூட விடாமல், வறட்சி நாளுக்கு ஒரு நிறமும் ஈர நாளுக்கு இன்னொரு நிறமுமாக எட்டு மாதம் குறித்திருந்தாள். இவ்வளவு துல்லியமான குறிப்பேட்டை என் பணிக்காலத்தில் மருத்துவமனையில்கூட நான் பார்த்ததில்லை. 'நோட்டு சரியாத்தான் இருந்துச்சு சிஸ்டர், அவருதான் பாக்கல' என்றாள்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இயற்கை முறை மனைவி மட்டும் கைக்கொள்ளக்கூடிய முறை அன்று. காப்பர்-டியோ மாத்திரையோ கணவன் ஒத்துழைக்காவிட்டாலும் வேலை செய்யும், இது செய்யாது. சந்தேகமான நாட்களையும் சேர்த்து மாதத்தில் எட்டுப் பத்து நாட்கள் ஓர் ஆண் தன்னை அடக்கிக்கொள்ள வேண்டும் என்பதே இதன் முழுச் சாரம். அப்படியிருக்க, இதை நாம் யாருக்குக் கற்றுக்கொடுக்கிறோம்? மாதர் சங்கத்திலும், மரியாயின் சேனைக் கூட்டத்திலும், தாய்மார்களுக்கான தியானத்திலும் கற்றுக்கொடுக்கிறோம். திருமணத் தயாரிப்பு வகுப்பில்கூட இந்தப் பாடம் வரும்போது மணமகன்கள் வெளியே போய் டீ குடித்துவிட்டு வருவது பல ஆண்டுகள் வழக்கமாக இருந்தது. பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியருக்கு எழுதியதில், தம்பதியர் விலகியிருப்பது இருவரும் மனமொத்துச் சில காலத்துக்கு மட்டும் என்று இருக்கிறது. மனமொத்து என்ற சொல்லுக்கு ஒருவரே இரண்டு முறை சம்மதிப்பது என்று பொருள் அல்லவே.

எங்கள் கடற்கரையின் நடைமுறையையும் சொல்லியாக வேண்டும். தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் விசைப்படகில் போனால் கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும். வளைகுடாவில் வேலை பார்ப்பவர் இரண்டு ஆண்டுக்கொரு முறை ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ விடுப்பில் வருவார். முப்பது நாள் விடுப்பில் பத்து நாள் தள்ளியிரு என்று அந்தக் கணவனிடம் சொல்வதற்கு எத்தனை பிரசங்கிகளுக்குத் தைரியம் இருக்கிறது? குடித்துவிட்டு வருகிறவனிடம், இன்று ஈர நாள் என்று ஒரு பெண் சொல்லிப் பார்க்கட்டும். அவள் மறுத்தால் அடி; இணங்கினால் கர்ப்பம்; கர்ப்பத்தைத் தடுக்க வேறு வழி தேடினால் பாவம். இந்த மூன்று சுவர்களுக்குள் அவளை நிறுத்திவிட்டு, தற்கட்டுப்பாட்டின் மேன்மையைப் பற்றி அவளுக்கே வகுப்பெடுப்பது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை.

இதைத் திருச்சபையின் குறையாக மட்டும் சொல்லிவிடவும் முடியாது. 1950களிலேயே குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கு ஊக்கத்தொகை கொடுக்கத் தொடங்கிய மாகாணம் நம்முடையது. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் திருமணமாகி வாழும் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் வாசக்டமியோ நூற்றுக்கு ஒன்று என்ற அளவைக்கூட எட்டவில்லை; இத்தனைக்கும் இரண்டில் எளிதானதும் ஆபத்துக் குறைந்ததும் ஆணுக்குச் செய்வதுதான். அரசாங்கம் கத்தியைக் கொடுத்தது பெண்ணிடம், திருச்சபை நோட்டைக் கொடுத்ததும் பெண்ணிடம்.

கர்ப்பகால நலம் பற்றி அக்கடிதம், கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. ஒரு பேறுகாலத்துக்குப் பிறகு அடுத்த கர்ப்பத்துக்கு முயலுமுன் குறைந்தது இருபத்து நான்கு மாதங்களாவது காத்திருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ரத்தசோகையோடு கர்ப்பமாகி, அது தேறுமுன் மறுபடியும் கர்ப்பமாகிறவளுக்குக் குறைப்பிரசவமும் எடை குறைந்த பிள்ளையும் வர வாய்ப்பு அதிகம். நம் மாநிலத்தில் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. முன்பு சொன்ன தேசியக் கணக்கெடுப்பின்படி இங்கே நூறு பிரசவங்களில் ஏறத்தாழ நாற்பத்தைந்து சிசேரியன். இந்த நாற்பத்தைந்தில் எத்தனை உண்மையிலேயே தேவையானவை என்பது தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டிய விஷயம். தேவையோ இல்லையோ, கர்ப்பப்பையில் தழும்பு விழுந்துவிட்டால், ஒவ்வொரு அடுத்த சிசேரியனிலும் நஞ்சுக்கொடி அந்தத் தழும்பில் ஆழமாகப் பதிந்துகொண்டு பிரியாமல் நிற்கும் ஆபத்துக் கூடுகிறது. அந்த ரத்தப்பெருக்கை ஒரு முறை கண்ணால் பார்த்தவர் எவரும், வருகிற பிள்ளையெல்லாம் வரட்டும் என்று எழுத மாட்டார்.

பச்சை உடம்புக்காரிகளுக்கு இயற்கையே தரும் ஒரு காவல் உண்டு. அதைப் பற்றி அக்கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லாதது எனக்கு வியப்பாக இருந்தது. பிள்ளைக்கு ஆறு மாதம் நிரம்பாமல், மாதவிலக்கு மீண்டும் வராமல், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கப்பட்டால் கரு தரிக்காமல் இருக்கும் வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. மூன்று நிபந்தனைகளும் ஒருசேர நிற்க வேண்டும். நம் ஊரில் பிறந்த அன்றே நாக்கில் இனிப்புத் தொட்டுச் சேனை வைக்கிறோம், பிறகு சர்க்கரைத் தண்ணீர், பிறகு கிரைப் வாட்டர், மூன்றாம் மாதத்தில் புட்டிப்பால் என்று போய், அந்தக் காவலை நம் கையாலேயே கலைத்துவிடுகிறோம். மாதவிலக்கு வரவில்லையே என்பதை மட்டும் நம்பியிருப்பதிலும் பயனில்லை, ஏனென்றால் முதல் மாதவிலக்குக்கு இரண்டு வாரம் முன்பே முதல் முட்டை வந்துவிடலாம். இடுப்புப் பிள்ளையோடு வந்து, 'இன்னும் குளிக்கவே இல்ல, எப்படி சிஸ்டர் தங்குச்சு' என்று கேட்டவர்களுக்குக் கணக்கே இல்லை.

உடலை அறிந்துகொள்வதன் பயன் பிள்ளையைத் தள்ளிப்போடுவதோடு முடிவதில்லை. பிள்ளை வேண்டுமென்று தவமிருப்பவர்களுக்கும் அதே ஈர நாட்கள்தான் வழிகாட்டி; அந்த நாட்கள் தெரியாமல், விரதத்துக்கும் செபத்துக்கும் என்று சரியாக அந்த வாரத்திலேயே தள்ளியிருந்துவிட்டு, மலடி என்ற பேச்சைக் கேட்டவர்களை எனக்குத் தெரியும். கருவுற நினைக்கிறவள் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுக்க வேண்டும்; பிள்ளையின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாகிற அந்த முதல் நான்கு வாரங்களில் பலருக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே தெரிந்திருக்காது. எத்தனை முயன்றும் பிள்ளை இல்லாதவர்களுக்குச் சபை சொல்லத் தக்க வார்த்தை, வேதத்தில் பிள்ளையில்லாமல் அழுத அன்னாளின் கணவன் எல்க்கானா சொன்னதுதான் என்று நினைக்கிறேன்: பத்துப் பிள்ளைகளைவிட நான் உனக்கு மேலானவன் அல்லவா என்று அவன் கேட்டான். சாட்சி சொல்லும் கூட்டங்களில் இந்த வசனத்தை நான் அதிகம் கேட்டதில்லை.

வீட்டுப் பிரசவத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2018ஆம் ஆண்டு திருப்பூரில், காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றதில் ஓர் இளம் தாய் ரத்தப்போக்கால் இறந்த செய்தி உங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கும். விசுவாசத்தின் பெயரால் அதே ஆபத்தில் இறங்குகிறவர்கள் நம் சபைகளிலும் உண்டு. அவர்களுக்குத் திண்டிவனத்து இரவு ஒன்றை நினைவூட்டலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில், மிஷனரி மருத்துவரின் மகளான ஐடா ஸ்கடரின் வாசலில் ஒரே இரவில் மூன்று கணவன்மார் வந்து நின்று, பிரசவத்தில் தவிக்கும் தம் மனைவியைப் பார்க்க வருமாறு அழைத்தார்கள். அவர் தாம் மருத்துவர் அல்ல என்று சொல்லித் தந்தையை அழைத்துப்போகச் சொன்னார். ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். அதற்குப் பிறகு அவர் அமெரிக்கா சென்று மருத்துவம் படித்துத் திரும்பி வந்து, 1900ஆம் ஆண்டு வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கியதுதான் இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. அந்தக் கதையை ஸ்கடர் அம்மையாரின் அழைப்பைப் பற்றிய கதையாகவே நாம் ஞாயிறு பள்ளியில் சொல்கிறோம். மூன்று கணவர்கள் எடுத்த முடிவைப் பற்றிய கதையும் அதுவே.

மூன்றாவது சிசேரியன் மேசையிலேயே மருத்துவர் சொன்னபடி குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட கத்தோலிக்கப் பெண்கள், பல ஆண்டுகள் நற்கருணை வாங்காமல் பின்வரிசையில் அமர்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பாவசங்கீர்த்தனத்தில் என்ன சொல்வது என்று என்னிடம் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லும் இடம் எனதல்ல. இரக்கமுள்ள ஒரு குருவானவரிடம் போங்கள், கணவனையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று மட்டும் சொல்வேன். அறுவைக்கான அந்தச் சம்மதப் படிவத்தில் அவனும்தானே கையெழுத்திட்டான்? அவன் மட்டும் எப்படி ஞாயிறுதோறும் முன்வரிசையில் போய் நாக்கை நீட்டினான் என்பது எனக்கு இன்றுவரை விளங்காத காரியம். எல்லாக் கருத்தடையும் கொலைக்குச் சமம் என்று அக்கடிதத்தில் வரும் வாசகமும் இந்தப் பெண்களின் மேல்தான் போய் விழுகிறது. கருக்குழாயைக் கட்டும் அறுவை எந்தக் கருவையும் கலைப்பதில்லை. வழக்கமான மாத்திரைகளின் முதன்மை வேலை முட்டை வெளிப்படாமல் தடுப்பது. காப்பர்-டி பெரும்பாலும் விந்தணுவைச் செயலிழக்கச் செய்கிறது. கருத்தடையையும் கருக்கலைப்பையும் ஒன்றென்று திருச்சபையே சொல்வதில்லை. இரண்டையும் வெவ்வேறு தவறுகளாகவே பிரித்துப் பேசுகிறது.

பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். 2021ஆம் ஆண்டு கேரளத்தின் பாலா மறைமாவட்டம் ஐந்தும் அதற்கு மேலும் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு மாதம் 1,500 ரூபாய் உதவி அறிவித்தது. 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வரும் அப்போதைய நம் முதல்வரும் அடுத்தடுத்துப் பிள்ளைப்பேற்றைக் கூட்டுவதைப் பற்றிப் பேசினார்கள். பதினாறு என்ற எண்கூட மேடையில் வந்துபோனது. இரண்டு பெற்ற பின் நிறுத்து என்று என் தாயிடம் சொன்ன அதே மேடைகள்தாம் இவை. எனக்கு இதில் அரசியல் கருத்து எதுவும் இல்லை. அந்த மேடைகளில் ஒரு பிரசவ வார்டுச் செவிலியரையும் உட்காரவைத்தால் நன்றாக இருக்கும்.

எங்கள் பங்கில் இரண்டு ஆண்டுகளாக இந்தப் பாடத்தை மாற்றியிருக்கிறோம். மணமகனும் மணமகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். குறிப்பேட்டை எழுதும் வேலை மணமகனுடையது. மனைவி சொல்லுவாள், அவன் குறிக்க வேண்டும். முதல் வகுப்பில் ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். ஒருவர் எழுந்து போகப் பார்த்தபோது பங்குத்தந்தை வாசலில் நின்றிருந்ததால் திரும்பி வந்து உட்கார்ந்தார். திருமணமாகி நான்கு மாதம் கழித்து அவர்களில் ஓர் இளைஞர், விசைப்படகில் வேலை பார்ப்பவர், தொலைபேசியில் அழைத்து, கரைக்கு வந்த நாளில் மனைவிக்கு எந்த அடையாளம் என்று தானே கேட்டுக் குறித்ததாகவும், ஒரு நாள் மட்டும் நிறம் குழப்பமாக இருப்பதாகவும், அதை ஈர நாள் என்று எடுத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். சந்தேகம் வந்தால் ஈர நாள் என்றே வைத்துக்கொள்வதுதான் விதி.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். என் கடிதம் முழுவதையும் வெளியிட இடமில்லை என்றால், பதினான்காம் நாள் பற்றிய பத்தியை மட்டுமாவது திருத்தமாக வெளியிடுங்கள். எங்கள் தெருவில் ஒரு பெண் சென்ற ஞாயிறு இதழின் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துத் தன் வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறாள். அவளுக்கு இருபத்தைந்து நாள் சுழற்சி. நான் சொன்னேன், பேப்பரிலேயே போட்டிருக்கே அக்கா என்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
குளச்சல் வட்டாரம், கன்னியாகுமரி மாவட்டம்.